ஸ்டுட்கார்ட்டில் ராகிக் கூழ், பாலக்கோட்டில் ஃபுளோரைடு மாத்திரை

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். கணவரின் வேலைக்காக இரண்டு வருடமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். பாப்பா இங்கேதான் பிறந்தாள். ஏழு மாதம் ஆகிறது, எடை ஏழரைக் கிலோ. தாய்ப்பாலோடு பகலில் இரண்டு வேளை பவுடர் பால். இங்குள்ள குழந்தை டாக்டர் காய், உருளைக்கிழங்கு, கறி சேர்த்து மசித்துக் கொடுக்கச் சொல்கிறார். அம்மா போனில், "ஒரு வயசு ஆகல, அதுக்குள்ள கறியா? ராகிப் பால் காய்ச்சிக் குடு" என்கிறார். ராகியை முளைகட்டினால் பூசணம் பிடித்துவிடுகிறது. வைட்டமின் டி, ஃபுளோரைடு இரண்டும் சேர்ந்த மாத்திரை தினமும் ஒன்று கொடுக்கிறோம். ஏப்ரல் கடைசியில் ஆறு வாரம் ஊருக்கு வருகிறோம். அம்மா வீட்டில் போர் தண்ணீர்தான். ஊர் நர்ஸ் அக்கா, "பிசிஜி போடலையா? மூணாவது ஊசியும் போடலையா?" என்று பயமுறுத்துகிறார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை.
– வாசகி, ஸ்டுட்கார்ட்

பதில்: குழந்தை நல மருத்துவர், தருமபுரி

உங்கள் அம்மா, அந்த ஊர் டாக்டர், நர்ஸ் அக்கா மூவருமே தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் ஊர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் நோய்க்கும் தக்கபடி பேசுகிறார்கள். ஓர் ஊருக்குச் சொன்னதை அப்படியே பெட்டியில் வைத்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும்போதுதான் வம்பு. உங்கள் கடிதத்தில் அப்படி ஆபத்தாக மாறக்கூடியது ஒன்று இருக்கிறது. அது நீங்கள் கவலைப்படும் கறியும் அல்ல, பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசியும் அல்ல. அந்தச் சின்ன மாத்திரை. அதற்கு வருகிறேன். அதற்கு முன், தினமும் போனில் நடக்கும் கறி வழக்கைத் தீர்த்துவிடுவோம்.

கறி சொல்வதற்குக் காரணம் இரும்புச்சத்து. வயிற்றில் இருக்கும்போது குழந்தை சேர்த்துவைத்த இரும்பு ஆறு மாதத்தோடு ஏறக்குறைய தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. ஏழு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் தேவை. இரண்டு வேளை பவுடர் பாலில் ஓரளவு வரும், மீதி சாப்பாட்டில்தான் வர வேண்டும். ராகியில் சுண்ணாம்புச்சத்து அபாரம்: 100 கிராமில் 340 முதல் 360 மில்லிகிராம் வரை. இரும்பும் நான்கைந்து மில்லிகிராம் உண்டு. ஆனால் குழந்தை ஒரு வேளைக்குச் சாப்பிடுவது பத்து கிராம் மாவு. அதில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதையும் ராகியில் இருக்கும் ஃபைட்டேட்டும் டானினும் பிடித்து வைத்துக்கொள்ளும். கறியில் உள்ள இரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

உடம்பில் ரத்தம் ஊற வேண்டுமென்று ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டல்லவா? அதே கணக்குத்தான் இது என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு உடனே பிடிபடும்.

மதியம் ஒரு வேளைக்கு 100 கிராம் கேரட் அல்லது பூசணி, 50 கிராம் உருளைக்கிழங்கு, 20 முதல் 30 கிராம் கறி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய். அங்கே கிடைக்கும் ராப்ஸ் எண்ணெய் (கனோலா) நல்லது. உருளைக்கிழங்கு அலுத்துப்போனால் குழைந்த சோறு போடுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. கோழியானால் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் இரும்பு கூடுதல். ஆட்டுக்கறி அதைவிட மேல். உப்பில்லாமல் பஞ்சுபோல வேகவைத்து, வெந்த தண்ணீரோடு மிக்ஸியில் விழுதாக அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு வார வேலை முடிந்தது. ஒரு கட்டி ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். ஊட்டும் முன் இரண்டு டீஸ்பூன் ஆரஞ்சுச் சாறு கலந்தால் காயில் இருக்கும் இரும்பும் உடம்பில் சேரும். ஈரல் இப்போது வேண்டாம். அதில் வைட்டமின் ஏ இந்த வயதுக்கு மிக அதிகம்.

ராகி காலையில். இரண்டையும் ஒரே வேளையில் கலக்காதீர்கள், சுண்ணாம்புச்சத்து இரும்பை உள்ளே போகவிடாது. மதியம் டாக்டருடையது, காலை அம்மாவுடையது என்று பிரித்துக்கொண்டால் இருவரிடமும் உண்மையையே சொல்லலாம்.

இனி பூசணம். ஊரில் சித்திரை வைகாசியில் துணியில் கட்டித் தொங்கவிட்ட ராகி ஒரு நாளில் முளைவிட்டுவிடும். ஸ்டுட்கார்ட்டில் வீட்டுக்குள் 20 டிகிரிதான். முளைக்க இரண்டு நாளாகிறது. அந்த இரண்டு நாள் ஈரத்தில் பூசணம் முந்திக்கொள்கிறது. கால் கிலோ ராகியை நான்கைந்து முறை, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். எட்டு மணி நேரம் ஊறட்டும். பிறகு வடிகட்டியில் போட்டு அரை மணி நேரம் விட்டு, சொட்டு நின்றபின்தான் துணியில் கட்ட வேண்டும். பெரும்பாலும் கோளாறு நடப்பது இங்கேதான், மூட்டையின் அடியில் தண்ணீர் தேங்கிவிடும். மூட்டையை ஓவன் அடுப்புக்குள், சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு வையுங்கள். அந்த விளக்குச் சூடே போதும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசிப் பிழிந்து மறுபடி கட்டுங்கள்.

நீங்கள் பூசணம் என்று கொட்டியதில் பாதி பூசணமே இல்லாமலும் இருக்கலாம். முளைவிடும் ராகியின் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுபோல வேர்த்தூவி வரும். தண்ணீரில் அலசினால் அது படிந்து மறைந்துவிடும். பூசணம் அலசினாலும் போகாது. மணிகளை ஒன்றோடொன்று நூலாகக் கோத்து நிற்கும், சாம்பல் அல்லது பச்சை நிறம் தட்டும், பழைய சாக்கு வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் பொறுக்கி எடுக்கப் பார்க்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

முளை எள் நீளம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அங்கே வெயிலை நம்ப முடியாது என்பதால் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஓவனை 50 டிகிரியில் வைத்து, ஈரம் வெளியேற ஒரு மரக்கரண்டியைக் கதவிடுக்கில் செருகி, நான்கைந்து மணி நேரம் உலர்த்துங்கள். நடுவில் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் 'கடுக்'கென்று உடைய வேண்டும். மெத்தென்று நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, மாவாக்கினாலும் கெட்டுவிடும். காய்ந்ததை உள்ளங்கையில் தேய்த்தால் முளை உதிரும்; புடைத்துவிட்டு, வாசம் வரும் அளவுக்கு மட்டும் இளஞ்சூட்டில் வறுத்து, மிக்ஸி சூடேறாமல் விட்டுவிட்டு அரைத்துச் சலியுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும்.

ஒன்றரை மேசைக்கரண்டி மாவை 150 மில்லி தண்ணீரில், ஆறிய தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் மங்கலான மண் நிறம் போய், கருஞ்சிவப்பாகப் பளபளப்பு வரும், பச்சை வாடை போகும். அதுதான் பதம். முளைகட்டிய மாவில் கூழ் எப்போதும் சற்று இளகலாகவே இருக்கும், ஏனென்றால் முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. அதே இளகலில் கூடுதல் மாவு போவதுதான் முளைகட்டுவதன் லாபம். ரொம்பக் கருக வறுத்தால் அந்த நொதி செத்துப்போய்ச் சாதா மாவு போலவே கெட்டியாகிவிடும். கரண்டியைச் சாய்த்தால் கூழ் ஒழுகக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். பாட்டிலில் போகிற அளவு நீர்க்கக் காய்ச்சினால் வயிறு தண்ணீரில் நிறையும், எடை ஏறாது. வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, உப்பு எதுவும் ஒரு வயது வரை வேண்டாம். தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும், அதன் நஞ்சு குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யும். இனிப்பு வேண்டுமானால் மசித்த வாழைப்பழம்.

முளைகட்ட நேரமில்லாத வாரம் சாதா ராகி மாவு போதும், குற்ற உணர்ச்சி வேண்டாம். அங்கே இந்தியக் கடைகளில் ஃபிங்கர்ஹிர்ஸே என்ற பெயரில் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் வெறும் 'ஹிர்ஸே' என்று இருப்பது பனிவரகு. அதையும் கொடுக்கலாம், ஆனால் ராகியின் சுண்ணாம்புச்சத்து அதில் இல்லை. அம்மா பார்சலில் ராகி மாவு அனுப்பலாம். நெய் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: வெளிநாட்டிலிருந்து தனியார் பார்சலில் வரும் பால் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். அங்கே புட்டர்ஷ்மால்ஸ் என்று விற்பது நெய்தான்.

இப்போது மாத்திரை. அதில் வைட்டமின் டி 500 யூனிட், ஃபுளோரைடு 0.25 மில்லிகிராம் இருக்கும். ஜெர்மனியின் குழாய்த் தண்ணீரில் பொதுவாக ஃபுளோரைடு மிகக் குறைவு, லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டாத இடங்களே அதிகம். பல் சொத்தை வராமலிருக்க அதைக் கைக்குழந்தைக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அந்த ஊருக்கு அது சரி.

நம் மாவட்டத்து நிலைமை நேரெதிர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பாறை இடுக்கில் ஊறும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இயற்கையாகவே அதிகம். குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்திய அளவுகோல். இங்கே அதைத் தாண்டும் போர்கள் நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவது) தடுப்புத் திட்டம் என்ற பெயரும் சேர்ந்ததே இதனால்தான். ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013-இல் தொடங்கினார்கள். பாலக்கோடு பக்கத்தில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர் சிரிக்கும்போது முன்பல்லில் குறுக்காகப் பழுப்புக் கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். அது வெற்றிலைக் கறை அல்ல. முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் பல் உருவாகும்போது விழுந்த கறை. நிரந்தர முன்பற்களின் மேற்பூச்சு உருவாவது பெரும்பாலும் முதல் மூன்று வயதுக்குள். உங்கள் பாப்பா இருப்பது அந்தக் காலத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பாட்டில் பவுடர் பாலுக்கு 360 மில்லி, கூழுக்கு 150, சோறு குழைக்கவும் வாய் நனைக்கவும் ஒரு 150. மொத்தம் 660 மில்லி. போர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால் பாப்பாவுக்குள் போவது 1.3 மில்லிகிராம். மாத்திரையும் சேர்ந்தால் ஒன்றரைக்கு மேல். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது தாண்டக் கூடாத வரம்பு. எட்டுக் கிலோ குழந்தைக்கு 0.8 தான். அதாவது இரண்டு மடங்கு.

எனவே ஃபுளோரைடு சேர்ந்த மாத்திரையை ஸ்டுட்கார்ட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். புறப்படுமுன் வைட்டமின் டி மட்டும் உள்ள மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் ஃபுளோரைடு இல்லாததால் எதுவும் ஆகாது. பல் முளைத்திருந்தால் இங்கே இருக்கும்வரை ஈரத் துணியால் துடைத்தால் போதும், பேஸ்ட் வேண்டாம். வைட்டமின் டி-யை மட்டும் வெயில் ஊர்தானே என்று நிறுத்தாதீர்கள். ஏப்ரல் வெயிலில் பாப்பாவை எவரும் வெளியே வைத்திருக்கப் போவதில்லை. சொட்டு மருந்தாக மாற்றினால் லேபிளைப் படியுங்கள்: சில மருந்தில் ஒரு சொட்டிலேயே 500 யூனிட், நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சிலதில் ஒரு மில்லியில் 400. முதல் வகையை இரண்டாவதுபோல மில்லிக் கணக்கில் ஊற்றிவிட்டால் இருபது மடங்குக்கு மேல் போய்விடும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். கிருமிக்குத்தான் அது சரி. ஃபுளோரைடு ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். கேண்டில் ஃபில்டர், புற ஊதா விளக்கு இவற்றாலும் போகாது. ஆர்.ஓ. எடுக்கும். ஆகவே பாப்பாவின் பாலுக்கும் கூழுக்கும் சோற்றுக்கும் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது நம்பிக்கையான கேன் தண்ணீர், அதையும் கொதிக்கவைத்து. ஒகேனக்கல் தண்ணீர் வரும் தெருவானால் அதுவும் நல்லது, ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் அதே குழாயில் போர் தண்ணீர் திறக்கும் ஊர்களும் உண்டு, தண்ணீர் திறந்துவிடுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவிடம் சொல்லி, நீங்கள் வருமுன் ஒரு லிட்டர் போர் தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்களுக்காக மட்டுமல்ல, அந்த வீட்டில் வளரும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும். தாய்ப்பாலைப் பற்றிக் கவலையே வேண்டாம். அம்மா என்ன தண்ணீர் குடித்தாலும் பாலில் ஃபுளோரைடு மிகச் சொற்பமாகத்தான் இறங்கும். இந்த ஆறு வாரம் நேரடியாகப் பால் கொடுப்பதைக் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள்.

பவுடரை அங்கிருந்தே கொண்டு வாருங்கள், ஊர் மாறும்போது டப்பாவையும் மாற்ற வேண்டாம். நாளைக்குப் பன்னிரண்டு கரண்டி, கரண்டி 4.5 கிராம் என்றால் ஆறு வாரத்துக்கு இரண்டே கால் கிலோ. 600 கிராம் பெட்டி நான்கு. கொதித்த தண்ணீர் கொஞ்சம் ஆறி, இன்னும் நல்ல சூடாக, 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே பொடியைப் போட்டுக் கலக்கி, பிறகு பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவிடுங்கள். பொடியிலேயே இருக்கக்கூடிய கிருமிக்கும் அதுதான் வைத்தியம். ஜெர்மனியில் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் கலக்கிப் பழகியிருப்பீர்கள், இங்கே அது வேண்டாம். கலக்கி இரண்டு மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்.

காய்ச்சல் மருந்தில் அளவு மாறுவதுதான் இரண்டாவது ஆபத்து. பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நான்குக்கு மேல் கூடாது. எட்டுக் கிலோ பாப்பாவுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 மில்லிகிராம், நம் ஊர்ச் சொட்டு மருந்தில் 1 மில்லி. 5 மில்லிக்கு 120 என்று எழுதிய சிரப்பில் 4 மில்லி. 5 மில்லிக்கு 250 என்று எழுதியதில் 2 மில்லி. ஜெர்மன் சிரப்பில், மில்லிக்கு 40 மில்லிகிராம் இருப்பதால், இரண்டரை. "அஞ்சு எம்எல் ஊத்து" என்று யாரோ சொல்ல, கையில் இருந்தது சொட்டு மருந்து பாட்டில் என்றால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். ஒரே ஒரு பாட்டிலைத் தேர்ந்தெடுத்து, அளவை ஒரு பிளாஸ்திரியில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். ஆசனவாயில் வைக்கும் ஜெர்மன் மாத்திரைகளைக் கொண்டுவர வேண்டாம். உடம்புச் சூட்டில் உருகத்தான் அது செய்யப்பட்டது, தருமபுரி ஏப்ரலில் பெட்டிக்குள்ளேயே உருகி நிற்கும். அங்கே காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் கொடுத்திருப்பார்கள். இங்கே இருக்கும்வரை அதைத் தொடாதீர்கள். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவுக்கு அது வழிவிடும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் முதுகைப் பார்த்து, ஒரு லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று தெரிந்துகொண்டு முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, கரண்டியால். கூடவே துத்தநாகம் 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றாலும் முடிக்க வேண்டும். பால் நிறுத்தக் கூடாது. அழும்போது கண்ணீர் வராமல், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமல், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால் 108.

ஊசிக்கு வருவோம். மூன்றாவது ஊசி விட்டுப்போகவில்லை. இங்கே 6, 10, 14 வாரத்தில் மூன்று முறை போடுவதை ஜெர்மனியில் 2020 முதல் 2, 4, 11 மாதம் என்று போடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் இடைவெளி அதிகம் விடுவதால் அங்கே இரண்டே போதுமான காப்பைத் தருகிறது, பதினோராம் மாதம் ஊக்க ஊசி. மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தைக் கைப்பையில் கொண்டு வந்து நர்ஸ் அக்காவிடம் காட்டுங்கள், அவருக்குப் புரியும்.

நீங்கள் இந்த வாரமே போன் செய்ய வேண்டியது தட்டம்மைக்கு. அங்கே முதல் ஊசி 11 மாதத்தில், இங்கே 9 முடிந்ததும். வரும்போது பாப்பாவுக்கு எட்டு மாதம் முடிந்திருக்கும், இரண்டு ஊர்க் கணக்குக்கும் நடுவில் காப்பு இல்லாமல் நிற்பாள். பயணத்துக்காக ஆறு மாதத்திலிருந்தே ஒரு முன்கூட்டிய ஊசி போடலாம் என்று உங்கள் டாக்டருக்குத் தெரியும், ஆனால் நீங்கள் கேட்டால்தான் பேச்சு வரும். போடுவதானால் புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். இந்த ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் அது ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும், அந்த நாளில் விமானத்தில் இருக்க வேண்டாம். ஒன்பது மாதத்துக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. 11, 15 மாத ஊசிகள் இரண்டையும் அங்கே போட்டாக வேண்டும். குழந்தைக் காப்பகத்தில் சேர்க்க அந்தச் சான்று கேட்பார்கள், 2020 மார்ச் முதல் அங்கே அது சட்டம். அந்த முன்கூட்டிய ஊசியைப் போட்டுவிட்டு வந்தால் இங்கே ஒன்பது மாத ஊசி வேண்டாம்.

பயணத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. விமானம் இறங்கும்போது பால் கொடுங்கள், விழுங்கினால் காது அடைப்பு எடுக்கும். பெங்களூரில் இறங்கி ஓசூர் வழியாக வீடு சேர நான்கு மணி நேரம் குறையாது, மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டாம். அங்குள்ள கார் சீட்டையே கொண்டு வந்து பின்சீட்டில் பின்புறம் பார்க்கக் கட்டுங்கள். வாடகை காரில் சீட் கவரைப் போட்டு பெல்ட்டின் கொக்கியை அடியில் புதைத்திருப்பார்கள். வண்டி பதிவு செய்யும்போதே கொக்கியை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டால் விமான நிலைய வாசலில் நின்று மல்லுக்கட்ட வேண்டாம். ஓசூரில் நிறுத்திக் குழந்தையைச் சீட்டிலிருந்து தூக்கிக் கால் நீட்டவிடுங்கள்.

கடைசியாகப் பிசிஜி. ஜெர்மனி 1998-இல் அதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது, காசநோய் அங்கே அவ்வளவு குறைவு. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாட்டி வீட்டுக்கு வரப்போகும் குழந்தைக்குப் போட்டுவிடலாம் என்பது என் கருத்து. கைக்குழந்தைகளுக்கு மூளைக்குப் பரவும் காசநோயைத் தடுப்பதில் அது நல்ல வேலை செய்கிறது. அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை இலவசமாகப் போடுவார்கள். தட்டம்மை ஊசிக்கும் இதற்கும் நான்கு வார இடைவெளி விடுங்கள். அதற்கு முன், வீட்டில் எவருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், நீங்கள் வருமுன் சளிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஊசியைவிட அது முக்கியம், வெட்கப்பட வேண்டாம்.

போட்ட இடத்தில் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிறு கொப்புளம் எழும்பும். பிறகு அது சீழ் கட்டி, உடைந்து, பொருக்குத் தட்டி, தழும்பாகும். முழுதாக ஆற மூன்று மாதம் வரை ஆகலாம். அதற்குள் நீங்கள் ஸ்டுட்கார்ட் திரும்பியிருப்பீர்கள், அங்குள்ள இளம் டாக்டர்கள் பலர் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அமுக்கக் கூடாது, மருந்து தடவக் கூடாது, ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை. சுத்தமாக, காற்றாட விட்டால் தானே ஆறும். அக்குளில் சிறு நெறி கட்டினால் பயமில்லை. பெரிதாகிக்கொண்டே போனாலோ தொட்டால் மெத்தென்று இருந்தாலோ மட்டும் காட்டுங்கள். ஊசி போடும்போதே நர்ஸ் அக்காவிடம் மஞ்சள் புத்தகத்தைக் கொடுத்து, தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், எந்தக் கை என்பதை எழுதி முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.